கழுவிவிட்ட கொட்டில்

பன்றி மூத்திரம் பெய்யும். மாடு பெய்யும், ஆடு பெய்யும், டாக்டர் ஹரிஹரசுப்ரமணியனும் பெய்வார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தச் சொல்லை எடுத்தாலே போதும், ஏதோ நான் அவர்கள் சாப்பாட்டுத் தட்டில் அதை ஊற்றிவிட்டதுபோல ஆளாளுக்கு முகத்தைச் சுளிப்பார்கள்.

என் பெயர் எழில்மொழி. கால்நடை மருத்துவர். வல்லம் தாண்டி ஒரு பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. அதன் முன்பக்கம் மனிதர்களுக்கு, பின்பக்கம் ஆராய்ச்சிப் பன்றிகளுக்கு. பின்பக்கம் என் பொறுப்பு. முன்பக்கத்தில் மூளை நரம்பு அறுவை செய்கிறவர்தான் ஹரிஹரசுப்ரமணியன். நல்ல கை அவருக்கு, அதை யாரும் மறுக்க முடியாது. யாரைப் பார்த்தாலும் ‘வாங்க’ என்பார், வாசல் காவலாளியைக்கூட. ஆனால் பன்றிக் கொட்டிலுக்குள் மட்டும் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. தன் அறையில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்.

என்ன பார்ப்பார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சன் நோய் வந்தவர்களில் சிலருக்குக் கை நடுக்கத்தைவிடக் கால்தான் பெரிய எதிரி. நடந்துகொண்டே இருப்பார்கள், திடீரென்று பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வாசற்படி வந்தால் ஒட்டும், திரும்பினால் ஒட்டும், யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். மாத்திரைக்கு அது மசியாது. மூளையின் தண்டுப் பகுதியில் நடையைக் கவனிக்கிற ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, மெதுவான தாளத்தில் மின்துடிப்பு கொடுத்தால் கால் பிடியை விடும் என்பது டாக்டரின் நம்பிக்கை. மனிதரில் செய்வதற்கு முன்னால் பன்றியில் செய்து பார்த்தோம். பன்றிக்கு மருந்து கொடுத்து முதலில் காலை முடக்கினோம். அந்தப் பாவம் என் கையால் நடந்ததுதான். பிறகு கம்பியை வைத்தோம்.

வேலை செய்தது. ராணி நடந்தாள். ராணி என்று பெயர் வைத்தது கொட்டில் மேற்பார்வையாளர் ஜெக்கரியா. தரங்கம்பாடிக்காரர், அறுபதை நெருங்குகிறவர், பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். முடங்கிக் கிடந்த ராணி, மின்சாரம் போட்டதும் எழுந்து நடைபாதையின் அந்தக் கடைசிவரை நடந்து போனபோது ஜெக்கரியா கைதட்டினார். நானும் சேர்ந்து தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் மூளையில் நடையைக் கவனிக்கிற இடத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது மூத்திரப்பையைக் கவனிக்கிற இடம். நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் அடித்தால் அந்த வீட்டில் கேட்கும். மின்சாரம் போட்டால் ராணி நடந்தாள், நடந்துகொண்டே பெய்தாள். பெய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இது யார் கண்ணிலும் ஏன் படவில்லை என்றால், எங்கள் ஆட்களின் சுத்தம் அப்படி. டாக்டர் திரையைப் போடுகிறார் என்று தகவல் வந்ததும் ஜெக்கரியா குழாயைத் திறந்து நடைபாதை முழுவதையும் அடித்துக் கழுவிவிடுவார். “ஐயா பாக்குற எடம் அசிங்கமா இருக்கப்படாது” என்பது அவர் சட்டம். கழுவிய சிமெண்டுத் தரை எப்படியும் பளபளவென்று ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரத்தின் மேல் ஒரு பன்றி நடந்துகொண்டே விட்டால் படத்தில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எத்தனையோ படம் எடுத்தோம். அத்தனையிலும் ராணியின் நடை தெரிந்தது, தரை மின்னியது, அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது அவளுடைய பின்னங்காலைத் தொட்டு, அந்த ஈரம் வெதுவெதுப்பாக இருந்தபோது. ஒருநாள் காலையில் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரைஸ்மில்லிலிருந்து மூட்டையில் வந்திருந்த உமியை நடைபாதை முழுக்கக் காயக்காயப் பரப்பினேன். மின்சாரம் போட்டோம். ராணி நடந்தாள். அவளுக்குப் பின்னால் உமியில் கறுப்பாக ஒரு கோடு நீண்டுகொண்டே போனது. மின்சாரத்தை நிறுத்தினேன், கோடும் நின்றது.

“அட கர்த்தரே” என்றார் ஜெக்கரியா. “இத்தனை நாளா நான் என்னத்தக் கழுவிக்கிட்டிருந்தேன் டாக்டரம்மா?”

“உண்மையைத்தான் கழுவிக்கிட்டு இருந்தீங்க” என்றேன். அவருக்குச் சுருக்கென்றிருக்கும். இருக்கட்டும்.

அதோடு விடவில்லை. மூத்திரப்பைக்குள் மெல்லிய குழாய் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் பார்த்தேன். மின்சாரம் இல்லாதபோது பை நிதானமாக நிறைந்தது. நடைக்கான அந்த மெதுவான தாளத்தில் மின்சாரம் போட்டதும், பாதிகூட நிறையாமல் பை தானாக இறுகித் துப்பியது. வேறு பன்றிகளிலும் அதேதான். கம்பியைக் கொஞ்சம் நகர்த்தினால், தாளத்தை மாற்றினால் குறைந்தது. ஆனால் அப்போது நடையும் குறைந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன.

இதை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். உமியில் கோடு விழுந்த படத்தையும் காட்டினேன். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எழில், நம்ம கேள்வி நடை. இது எதுக்கு இப்போ?”

“நடக்கும்போதுதான் சார் போகுது.”

“பன்னிதானேம்மா. அதுக்கு இடம் பொருள் தெரியுமா? நின்ன இடத்துல போற ஜீவன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பன்றியைப் பற்றி என்னிடமே சொல்கிறார். “சார், பன்னி மாதிரி சுத்தம் பாக்குற பிராணி கிடையாது. படுக்குற இடத்துல ஒருநாளும் போகாது. ராணிக்கு ஒரு மூலை உண்டு. கால் வராம முடங்கிக் கிடந்தப்பகூட ஊர்ந்து ஊர்ந்து அந்த மூலைக்குத்தான் போனா. நீங்க ஒருதடவை உள்ள வந்திருந்தா பாத்திருப்பீங்க.”

கடைசி வாக்கியம் அவருக்குப் பிடிக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை, அவர் ஒருநாளும் உயர்த்துவதில்லை. “மனுஷாளுக்கும் அப்படி ஆகணும்னு அவசியம் இல்லை” என்றார்.

“ஆகாதுன்னும் தெரியாதே சார்.”

“அப்படி ஆனா அப்போ பார்த்துக்கலாம். கட்டுரையில இதைப் போட்டா, படிக்கிறவனுக்கு நடை ஞாபகம் இருக்காது, இதுதான் இருக்கும். விட்டுடு.”

விட்டுவிட வேண்டுமாம். மனிதரில் முதலில் செய்வதற்கு ஆளும் முடிவாகிவிட்டது. அந்த ஆள் யார் தெரியுமா? இராஜாங்கம். என் அப்பா.

அப்பாவுக்கு இந்த நோய் வந்து சில வருஷமாகிறது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு எடுத்து, பிறகு அதையே சொந்தமாக்கியவர் அவர். அவர் வரப்பில் போனால் நாங்கள் ஓடித்தான் பிடிக்க வேண்டும். இப்போது வாசற்படியில் வந்து நிற்பார், நின்றபடியே இருப்பார். அம்மா தன் காலைக் குறுக்கே நீட்டுவாள். அதைத் தாண்ட வேண்டும் என்று நினைத்தால் மட்டும் அவருக்குப் பாதம் எழும். அப்படித்தான் ஒவ்வொரு வாசலையும் கடந்துகொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டியபோது அவர் நன்றாகச் சோதித்துவிட்டு, “நம்ம எழிலோட அப்பா, இவருக்கே முதல்ல பண்ணிடலாம்” என்றார். எனக்குச் சலுகை செய்கிறாராம். அப்பா அன்றிலிருந்து குறுவை நடவுக்குள் நடந்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் பேசிவிட்டு வந்த கோபத்தோடு அன்றைக்கே பஸ் ஏறினேன். அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு. எப்போதும் நான் ஊருக்குப் போவது சனிக்கிழமைதான், சொல்லிவிட்டுத்தான் போவேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சொல்லவில்லை.

வீட்டின் பின்பக்கம் வேலியில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, வேலி நீளத்துக்கும் வேட்டி. பழைய பாய் ஒன்று சுவரில் சாய்த்துவைத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கூடத்தில் குனிந்து பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஐம்பத்தெட்டு வயசுக்காரி, திருடிய பிள்ளைபோல நின்றாள்.

அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கு இருக்கிறதே, அது போதும். எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. எழுந்து கொல்லைப்பக்கம் போவதற்குள் பாதம் ஒட்டிக்கொள்கிறது. நின்ற இடத்திலேயே போய்விடுகிறது.

“எத்தனை நாளாம்மா?”

“நாளா? வருசம் ஆச்சுடி.”

“என்கிட்ட ஏன் சொல்லல? நான் டாக்டர்தானே?”

“நீ மாட்டு டாக்டரு” என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு. பொண்ணுக்குத் தெரிஞ்சா தூக்குல தொங்கிடுவேன்னாரு. நீ வர்ற சனிக்கெழமைன்னா வெள்ளியே எல்லாத்தையும் அலசிப் போட்டு, வீட்டைக் கழுவி, ஊதுவத்தி கொளுத்தி வச்சுருவேன்” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அங்கே ஒருவர் கழுவுகிறார், இங்கே ஒருத்தி கழுவுகிறாள். நடுவில் நான் ஒரு பைத்தியக்காரி, பன்றிக்குக் குழாய் வைத்து அளந்துகொண்டிருக்கிறேன், என் வீட்டில் நடப்பது தெரியாமல்.

திண்டாட்டத்தோடு ராணியின் கதையை அம்மாவிடம் சொன்னேன். இப்போது நிற்கும்போது போகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கும்போதே போகலாம், போவதுகூடத் தெரியாமல் போகலாம் என்றேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அவருகிட்ட சொல்லாத மொழி.”

“ஏம்மா?”

“நடந்துருவோம்னு நம்பித்தான் சோறு திங்கிறாரு. அதையும் புடுங்காத. சொல்லணும்னா அந்தப் பெரிய டாக்டரே சொல்லட்டும். அவரு சொன்னா தாங்கிக்குவாரு, நீ சொன்னா தாங்க மாட்டாரு.”

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. சொல்ல வேண்டியது அவர் கடமைதானே? கத்தி வைக்கப்போகிறவர் அவர். சரி, அவர் வாயால் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த வாரம் ஆலோசனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகச் சக்கர நாற்காலியில் வந்தார். முதல்நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அம்மா என் காதில் சொன்னாள். உதடு வெடித்திருந்தது. டாக்டர் எழுந்துவந்து அப்பாவின் கையைப் பிடித்து, “வாங்க இராஜாங்கம், வாங்கம்மா” என்றார். பிறகு மூளையின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை மேசையில் வைத்து விளக்க ஆரம்பித்தார்.

அருமையாக விளக்கினார். கம்பி எப்படி இறங்கும், மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி எங்கே இருக்கும் என்றார். நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ ரத்தக் கசிவு வரலாம் என்றார். சீழ் பிடிக்கலாம், பேச்சு குழறலாம், கண் கொஞ்சம் ஆடலாம், கம்பி நகர்ந்துபோகலாம். எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கிறவராகவே தெரியவில்லை. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வரும், அடுத்த வாக்கியத்தில் வரும் என்று. வரவில்லை. பொம்மையை மூடி வைத்துவிட்டு, “வேற ஏதாவது கேட்கணுமா?” என்றார்.

அப்பா சிரித்தார். “நடந்தா போதுங்கய்யா.”

எனக்குள் ஏதோ அறுந்தது.

“அப்பா, ராணி நடந்துச்சு” என்றேன். “நான் வச்சிருக்கிற பன்னி. இதே கம்பி, இதே இடம், இதே கரண்டு. நல்லா நடந்துச்சு. ஆனா நடக்க நடக்க ஒண்ணுக்குப் போச்சு. அடக்க முடியல. போறதே அதுக்குத் தெரியல. எல்லாப் பன்னிக்கும் அப்படித்தான் ஆச்சு. இது சாருக்கும் தெரியும்.”

அம்மா என் தொடையில் கிள்ளினாள். ரத்தம் கட்டிக்கொள்ளும்படி கிள்ளினாள். டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

“எழில், இதைத் தனியாப் பேசலாமே” என்றார்.

“எதுக்கு சார் தனியா? யார் உடம்பு சார் இது? ரத்தக் கசிவைச் சொல்ல உங்களுக்குக் கூசல. சீழைச் சொல்லக் கூசல. மூத்திரம்னு சொல்ல மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?”

நான் வேலை பார்க்கிற இடத்தில், எனக்குச் சம்பளம் கொடுக்கிறவரைப் பார்த்து, அப்படித்தான் கேட்டேன். கேட்டதற்காக வருத்தம் இல்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவமானத்தில் முகம் கறுத்து, நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் என்னை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

“அந்தப் பன்னிய நான் பாக்கணும்” என்றார்.

டாக்டர் தயங்கினார். வெளியாட்கள் அங்கே போகக் கூடாது, விதி இருக்கிறது, வேண்டுமானால் திரையில் காட்டுகிறேன் என்றார்.

“நாத்து வாங்கப் போனாலே நாத்தங்கால்ல எறங்கிப் பாத்துட்டுத்தான் வாங்குவேங்கய்யா. இது என் மண்டை. நேர்ல பாக்கணும். நீங்களும் வாங்க.”

அந்த ‘நீங்களும் வாங்க’வைத் தட்ட டாக்டரால் முடியவில்லை. அவரே எல்லோரையும் அப்படித்தானே கூப்பிடுகிறார்.

கொட்டில் வாசலில் எல்லோருக்கும் மேலங்கியும் ரப்பர் செருப்பும் கொடுத்தார்கள். டாக்டர் மூக்குக்கு மேலே முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். நாற்காலி வாசற்படியில் ஏறாது. அப்பா எழுந்து நின்றார், பாதம் ஒட்டிக்கொண்டது. அம்மா தன் காலைக் குறுக்கே நீட்டினாள், அவர் தாண்டினார். டாக்டர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வைத்தியத்தை அவர் புத்தகத்தில் படித்திருப்பார், இப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

உள்ளே ஜெக்கரியா டாக்டரைக் கண்டதும் வெலவெலத்துப்போய்க் குழாயைத் திறக்க ஓடினார்.

“ஜெக்கரியா, கையைக் குழாயில வச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்றேன். “உமியைப் பரப்புங்க.”

பரப்பினார். ராணி தன் அறையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். ரிமோட்டை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் காது அசைந்தது, முன்னங்கால் மடங்கி நிமிர்ந்தது, எழுந்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. அப்புறம் சாதாரணமாக, சந்தைக்குப் போகிற பன்றிபோல, வாலை ஆட்டிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் உமி நனைந்துகொண்டே வந்தது. தொடையில் வழிந்தது, குளம்பில் சொட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடைபாதைக் கடைசியில் தட்டில் இருந்த தவிட்டை உறிஞ்சித் தின்ன ஆரம்பித்தாள். வாடை எழுந்தது. டாக்டர் நகரவில்லை. அதை மட்டும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும், நகரவில்லை.

அப்பா நடைபாதையின் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நெல் தரம் பார்க்கிறவர் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

“இது நெசந்தானுங்களா? இதுனாலதான் போகுதா?”

டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். “நிஜம்தான்.”

“எனக்கும் ஆகுமா?”

“ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலை. கரண்டை நிறுத்தினா நின்னுடும்.”

“கரண்டை நிறுத்துனா நடையும் நின்னுரும்ல?”

“ஆமா.”

“அப்பறம் ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

டாக்டர் முகக்கவசத்தின் நாடாவை விரலில் சுற்றினார். இத்தனை பேருக்குப் பாடம் எடுக்கிற மனிதர். “எப்படிச் சொல்றதுன்னு தெரியலை” என்றார் கடைசியில். “சொன்னா வேண்டாம்னுடுவீங்களோன்னும் இருந்தது.”

அப்பா ராணியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நடக்குதுல்ல” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். “எப்படி நடக்குது பாரு பாப்பா. நனைஞ்சா நனையட்டும். இப்ப மட்டும் என்ன காஞ்சா கெடக்கு? எனக்குச் செஞ்சுருங்கய்யா.”

எனக்கு இடி விழுந்ததுபோல இருந்தது. இதற்கா நான் கத்தினேன்? அவர் வேண்டாம் என்று சொல்வார், நான் அவரைக் காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போவேன் என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். “அப்பா, யோசிச்சுச் சொல்லுங்க” என்று பதறினேன். டாக்டர், “அவசரமே இல்லை, நிதானமா முடிவெடுங்க” என்றார். அப்பா, “முடிவு எடுத்தாச்சு” என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

“யாராச்சும் என்னையக் கேட்டீங்களா?”

அம்மா. கொட்டிலுக்குள் வந்ததிலிருந்து வாயே திறக்காதவள். மேலங்கிக்குள் சின்ன உருவமாக, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

“இவரு நடக்கணும்ங்கிறாரு. நீ சொல்லணும்ங்கிற. இந்த ஐயா சொல்லவா வேணாமான்னு முழிக்கிறாரு. இந்தப் பன்னியக் கழுவ ஒரு ஆளு, அதுக்கு ஒரு குழாயி. இவரைக் கழுவ யாரு? நாந்தானே? ஒரு வருசமா விடிஞ்சா எந்திரிச்சா வேட்டி அலசி அலசி என் கை வெந்து கெடக்கு. இவரு மானத்துக்காக நான் சத்தமில்லாம அலசுனேன். வலிக்குதான்னு இவரு ஒருநாள் கேட்டாரா?”

கையை விரித்து டாக்டரிடம் நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து வெள்ளையாகப் பாளம் பாளமாக இருந்தது. சனிக்கிழமை தவறாமல் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றவள் நான்.

“நடவுக்குப் போன காலத்துல, ஒதுங்க ஒரு மறைவு கெடையாது வயல்ல. காலையில போனா பொழுது சாயுற வரைக்கும் அடக்கிக்கிட்டே குனிஞ்சு நட்டோம். தண்ணி குடிச்சா ஒதுங்கணுமேன்னு தண்ணியே குடிக்க மாட்டோம். அடிவயிறு கல்லு மாதிரி ஆயிரும். எங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் ஒரு பன்னிய வச்சும் பாக்கல. இன்னைக்கு இவருக்குன்னதும் எத்தனை பேரு, எத்தனை மிசினு!”

வேட்டிகளைப் பார்த்த அன்றைக்கு எத்தனை நாளாக என்று கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உனக்கு எப்படி இருக்கிறதம்மா என்று கேட்கவில்லை. நியாயம் பேச வந்த மகாராணி நான். வெட்கத்தில் முகம் எரிந்தது.

அப்பா தடுப்பை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினார். திரும்பும்போது பாதம் ஒட்டியது. இந்தத் தடவை அம்மா காலை நீட்டவில்லை. அவராகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தை இழுத்து அவள் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. நாங்கள் காத்திருந்தோம்.

“நீ சொல்லு அம்சம்” என்றார். “வேணாம்னா விட்டுர்றேன். சத்தியமா விட்டுர்றேன்.”

“ஏன் விடணும்?” என்றாள் அம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் கோபம் இறங்கவில்லை. “செஞ்சுக்குங்க. கால் வரட்டும். கால் வந்ததும் வாய்க்காலுக்கு நீங்களே நடந்து போங்க. ஊரு பாக்கட்டும். உங்க வேட்டிய நீங்களே அலசிக் காயப் போடுங்க. நான் கரையில உக்காந்து பாக்குறேன்.”

அப்பா அவளையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“நீ என்ன சோப்புப் போடுற?”